கூறியது கூறல்: அண்டி வோர்ஹோலின் திரையச்சு ஓவியங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

நூற்குற்றம் பத்தென வகுத்த நன்னூலார் அவற்றுள் ஒன்றாகக் கூறியது கூறலை வைத்தார். முன்னர்ச் சொன்னதையே பின்னரும் சொல்லுதல் கற்போனுக்குச் சலிப்பையும் நூலுக்குப் பருமனையும் தருமேயன்றி வேறு பயன் தாராது என்பது அவர்தம் கருத்தாதல் வேண்டும். தண்டியாசிரியரோ பின்வருநிலை என ஓரணியை எண்ணி, முன்வந்த சொல்லோ பொருளோ இரண்டுமோ பின்னும் வருதலை அழகென்றே கொண்டார். ஒரே செயல் ஓரிடத்துக் குற்றமாகவும் மற்றோரிடத்து அணியாகவும் கொள்ளப்படுதலை நம் மாணவர் பரீட்சைக்கென மனனஞ் செய்து வைத்திருக்கின்றனர். இரண்டையும் பிரிக்கும் கோடு யாதென்று கேட்பார் அவர்களுள் அரியர். அக்கேள்வியை இலக்கியத்திற்குப் புறத்தே, ஓவியத்தில் வைத்து ஆராய்தற்கு மிக வாய்ப்பானவர் ஐக்கிய அமெரிக்க ஓவியர் அண்டி வோர்ஹோல். ஒரு நடிகையின் முகத்தை ஒரே படைப்பில் 50 முறையும், கொக்கோகோலாப் போத்தலை 112 முறையும், யேசுநாதரின் இறுதி இராப்போசனத்தை 60 முறையும் அடுக்கி வைத்தவர் அவர். அவரைப் பெருங்கலைஞர் என்பாரும் உளர். கடை விளம்பரக்காரர் ஒருவர் உலகத்தை ஏய்த்தார் என்பாரும் உளர். ஈரணியாரும் பெரும்பாலும் படங்களைப் பாராமலே பேசுகின்றனர் என்பதே இக்கட்டுரை எழுதுதற்கு ஏதுவாயிற்று.

இலண்டன் மாநகரின் ரேற் மொடேர்ண் நூதனசாலை 2020ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி, வோர்ஹோலின் வாழ்நாட் படைப்புக்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தெரிந்தெடுத்து ஒரு பெருங்காட்சியைத் திறந்தது. அதே நிறுவனம் 1971இலும் 2002இலும் அவருக்குக் காட்சி நடத்தியதுண்டு. இம்முறை காட்சியை வகுத்தவர்கள் கிறெகோர் முயிர், ஃபியன்ரன் மொறன் என்னும் இருவர். திறந்த சில நாட்களுள் கொரோனாத் தொற்றின் காரணமாக நூதனசாலையின் கதவுகள் மூடப்பட்டன. யூலை இறுதியில் மீண்டும் திறந்தனர். நவம்பரில் மற்றுமோர் அடைப்பு வந்து சேர்ந்தது. பின்னர் அக்காட்சி கொலோன், ரொறன்ரோ, அஸ்பென் ஆகிய நகரங்களுக்கும் சென்றது. மூடிய கதவுகளுக்குப் பின்னே, வகுத்தவர் இருவரும் அறை அறையாகச் சென்று விளக்கும் திரைப்படம் ஒன்றை நூதனசாலையார் எடுத்து உலகோர் காண வெளியிட்டனர். யான் காட்சியை நேரிற் கண்டவன் அல்லேன். அத்திரைப்படமும், காட்சிக்கென வெளிவந்த நூலும், பிற அச்சுப் படங்களுமே என் ஆதாரங்கள். படியெடுத்துப் படைத்தவரின் படைப்பைப் படியிலேயே பார்த்து மதிப்பிடலாமன்றோ எனச் சிலர் நகைக்கக்கூடும். அந்நகைப்பு எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலிற் செய்முறையை அறிதல் நலம். அதனை அறியாதார் கூறும் புகழும் இகழும் ஒருங்கே வழுவுகின்றன. திரையச்சு நமக்குப் புதியதன்று. கலியாண அழைப்பிதழும், விளையாட்டுப் போட்டிக் கொடியும், கடைக்காரர் தரும் துணிப் பையும் நம் ஊர்களில் நெடுங்காலம் இம்முறையில் அச்சிடப்பட்டு வந்தன. மரச்சட்டத்தில் நுண்ணிய வலைத்துணியை இழுத்துக் கட்டுவர். முன்னாளில் அது பட்டு. அதன்மேல் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி, ஒளியூடுருவுந் தாளில் அமைந்த படத்தை வைத்து ஒளியைப் பாய்ச்சுவர். படத்தின் கரிய பகுதிகளுக்குக் கீழே பசை இறுகாது; நீரிற் கழுவ அது போய்விடும். பின்னர்ச் சட்டத்தைத் துணிமேல் வைத்து, மையை வார்த்து, இரப்பர் விளிம்புடைய பலகையால் இழுத்தால், திறந்த கண்களின் வழியே மை கீழிறங்கிப் படம் பதியும். இழுக்கும் கை சற்று இளகினாற் படம் வெளுக்கும். மை மிகுந்தால் அப்பிவிடும். வலைக்கண்கள் மை காய்ந்து அடைபட்டால் அடுத்த படம் தேய்ந்து வரும். தொழில் தெரிந்த அச்சுக்காரன் இவற்றைப் பிழையென்று கருதி அத்தாளைக் கசக்கி எறிவான். வோர்ஹோல் எறியவில்லை. அவருடைய கலை முழுவதும் அந்த எறியாமையில் இருக்கின்றது என்பது சற்று மிகைபடக் கூறலாயினும் பொய்யன்று.

அவரும் தொழில் தெரியாதவரல்லர். 1928இல் பிற்ஸ்பேர்க் நகரில், இன்று சிலோவாக்கியாவைச் சேர்ந்த மிக்கோவா என்னுஞ் சிற்றூரிலிருந்து குடிபெயர்ந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தார். குடும்பத்தின் பெயர் வோர்ஹோலா. அங்குள்ள கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியிற் சித்திரம் பயின்று, 1949இல் நியூயோர்க் சென்று, சப்பாத்துக் கடைகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் விளம்பரப் படம் வரைந்து பெயரும் பொருளும் ஈட்டினார். அந்நாளிலேயே, மையாற் கோடிட்டு அது காயுமுன் வேறொரு தாளில் ஒற்றியெடுக்கும் ஒரு முறையைக் கையாண்டார். தன் கைக்கும் தாளுக்கும் இடையே ஏதேனும் ஒன்றை நிறுத்துதல் அவருக்கு இளமை முதற்கொண்டு இயல்பு என்பது அதனாற் புலனாகும். 1962ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் திரையச்சுக்கு வந்தார். அவ்வாண்டு யூலையில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் காட்டப்பட்ட காம்பெல் சூப்புத் தகரப் படங்கள் முப்பத்திரண்டும் அச்சிடப்பட்டன எனப் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். அவை கையால் தீட்டப்பெற்றவை. சில சிறு உருக்களுக்கு மட்டுமே முத்திரை அச்சுப் பயன்பட்டது. இயந்திரம் செய்ததுபோற் கையாற் செய்தார் முன்பு. கையாற் செய்ததுபோற் பிழைகள் தோன்ற அச்சினாற் செய்தார் பின்பு. இவ்விரண்டாவதே அரிய செயல்.

1962 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நடிகை மரிலின் மன்றோ மாண்டார். அடுத்த நான்கு மாதங்களில் வோர்ஹோல் அவர் முகத்தை இருபதுக்கு மேற்பட்ட படைப்புக்களில் அச்சிட்டார். அனைத்திற்கும் மூலம் ஒன்றே: 1953இல் வெளிவந்த நயாகரா என்னும் திரைப்படத்தின் விளம்பரத்துக்காக எடுக்கப்பட்ட நிழற்படம். அவற்றுள் தலையாயது ரேற் நிறுவனம் 1980இல் வாங்கிய 'மரிலின் இரட்டைப் பலகை'. ஒவ்வொரு பலகையும் ஏறக்குறைய 2 மீற்றர் உயரமும் ஒன்றரை மீற்றர் அகலமும் உடையது. இடப்பலகையில் நிறத்தோடு 25 முகங்கள். வலப்பலகையிற் கருமையால் 25 முகங்கள். இடப்பக்கத்தில் செம்மஞ்சட் பின்னணி, மஞ்சட் கூந்தல், இளஞ்சிவப்பு முகம், கண்ணிமைமேல் நீலப் பூச்சு, சிவந்த உதடு. நிறங்கள் முதலிற் பூசப்பட்டன. முகம் அவற்றின்மேல் அச்சிடப்பட்டது. இரண்டும் எங்கும் சரிவரப் பொருந்தவில்லை. ஒரு முகத்தில் உதட்டின் சிவப்பு வாயினின்றும் சறுக்குகிறது. மற்றொன்றிற் கண்ணின் நீலம் கண்ணை விட்டு விலகி நிற்கின்றது. ஒப்பனையை முகத்தினின்றும் வேறாகக் காணும்படி ஒரு சிறு வெளி விழுகின்றது. அம்முகத்தை அணிந்திருந்த பெண் எங்கே என்ற வினா அவ்வெளியில் எழுகின்றது. அடுத்தடுத்து இருபத்தைந்து முறை எழுகின்றது என்பதே சிறப்பு. ஒரு முறை சறுக்கியிருப்பின் பிழையென்று விட்டிருப்போம்.

வலப்பலகையே இப்படைப்பின் உயிர். இடப்புறத்தின் இரண்டாம் நிரலில் மை அளவிறந்து இறங்கி முகங்கள் கரியிற் புதைந்து கிடக்கின்றன. அங்கிருந்து வலஞ்செல்லச் செல்ல மை குறைந்து, முகம் வெளுத்து, கடைசி நிரலில் ஒரு நிழலின் நிழலாக நிற்கின்றது. மேல் மூலையில் அதுவும் இல்லையென்னும்படி ஆகின்றது. நூற்குற்றம் பத்தினுள் சென்று தேய்ந்திறுதல் என்றும் ஒன்றுண்டு: பெருமையாகத் தொடங்கிப் போகப் போகச் சுருங்கி இறுவது. இலக்கணத்திற் குற்றமாகச் சொல்லப்பட்டது இங்கே பொருளாகவே அமைந்துவிட்டதைக் காணும்போது வியப்பு உண்டாகின்றது. தேய்வது கூற்றன்று, கூறப்பட்டவள். அடுத்தடுத்த படிகளில் ஒருவர் முகம் அழிவதை ஓர் இறப்புச் செய்தியும் இவ்வளவு அமைதியாகச் சொல்லியதில்லை. இங்கு அச்சுத்தட்டில் மாற்றமில்லை. பொருள் மட்டும் நிரலுக்கு நிரல் மாறுகின்றது. ஆதலின் இதனைச் சொல் பின்வருநிலை எனத் தயங்காது வகுக்கலாம். கூறியது கூறல் என்ற குற்றம் இதனை அணுகாது.

இவ்விடத்து ஒரு செய்தி. இரு பலகைகளையும் ஒருங்கு சேர்த்து ஒரு படைப்பாக்கலாம் எனக் கருத்துரைத்தவர் அவற்றை வாங்கிய எமிலி ரிறெமெயின் என்னும் சேகரிப்பாளர் என்பர். கிறித்தவ ஆலயங்களின் இரட்டைப் பலகைத் திருவுருவங்களை நினைவூட்டும் அவ்வமைப்பு, ஓவியரின் உள்ளத்தில் முன்பே இருந்ததா, வாங்குபவரின் வாயினின்றும் வந்ததா என்ற வழக்கு எளிதில் தீர்வதன்று. வோர்ஹோல் சம்மதித்தார் என்பது போதும். பிறர் சொன்னதை ஏற்கும் பண்பும் எதனை ஏற்பதென அறியும் கூர்மையும் அவரிடம் இருந்தன. தொழிற்பட்டறையில் 1963 முதல் மையை இழுத்த கைகளுள் உதவியாளரான ஜெராட் மலங்காவின் கையும் ஒன்று. ஆசிரியன் ஒருவன், அவன் கை ஒன்று என்னும் கொள்கையை உரைகல்லாகக் கொண்டு இவரை மாற்றுப் பார்த்தல் இயலாது.

காட்சியை வகுத்தவர்கள் வோர்ஹோலின் வாழ்க்கையை முன்வைத்தே படங்களை விளக்கினர். குடிபெயர்ந்தோர் மகன், தாய் யூலியாவோடு பல்லாண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவர், ஆடவரை விரும்பிய ஆடவர், கீழைத்திருச்சபை வழிபாட்டில் வளர்ந்தவர் என்ற நான்கும் அவர்கள் கையில் நான்கு திறவுகோல்கள். அவர் அணிந்த பொய்மயிர்த் தொப்பிகளையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தனர். இவை யாவும் உண்மை, பயனற்றவையும் அல்ல. முன்னைய காட்சிகள் இவற்றுட் சிலவற்றைப் பேச நாணின என்பதும் மெய். எனினும் திறவுகோல் எல்லாப் பூட்டுக்கும் பொருந்துவதில்லை. பிற்ஸ்பேர்க் நகரின் புனித யோவான் கிறிசோஸ்தம் ஆலயத்தில், பொன்னிறப் பின்னணியில் நேர்நோக்கி நிற்கும் அடியார் முகங்கள் நிரல் நிரலாக அமைந்த திருவுருவத் தடுப்பை இளமையில் ஞாயிறுதோறும் கண்டவர் அவர் என்று அறிதல், நியூயோர்க் நவீன கலை நூதனசாலையிலுள்ள 'பொன் மரிலின்' படத்தைப் புரிந்துகொள்ளத் துணை செய்யும். வலப்பலகையின் தேய்வைப் புரிந்துகொள்ள அவ்வறிவு ஒன்றும் செய்யாது. அதற்குக் கண் வேண்டும். மை இறங்கும் முறை தெரிதல் வேண்டும். கம்பனைப் படிப்பிக்குமிடத்து அவன் சோழனோடு பிணங்கிய கதையைச் சொல்லி ஒரு பாடவேளையைப் போக்கிவிடும் நம்மவர் வழக்கத்தையே இலண்டன் அறிஞரிடமும் கண்டேன்.

அறுபதுகளின் முற்பகுதியில் அவர் செய்த விபத்து, மரணப் படங்களைப் பற்றி ஒரு சொல். கார் விபத்து, மின்சார நாற்காலி, 1963 மே மாதத்தில் அலபாமா மாநிலத்தின் பேர்மிங்காம் நகரிற் கறுப்பின மக்கள்மீது பொலிசார் நாய்களை ஏவிய காட்சி: இவற்றைச் செய்தித் தாள்களிலிருந்தும் சஞ்சிகைகளிலிருந்தும் எடுத்து, ஒரே நிறம் பூசிய துணியில் அடுக்கினார். நாளேட்டில் நாள்தோறும் ஒரு கொடுமையைப் பார்ப்பவன் மனம் மரத்துப்போகும் என்பதை நிகழ்த்திக் காட்டுவன இவை எனப் பலர் பாராட்டியுள்ளனர். விபத்துப் படங்களுக்கு அது பொருந்தும். பேர்மிங்காம் படத்தை அவ்வாறு ஏற்பதற்கு என் மனம் இசையவில்லை. நாயின் வாயில் அகப்பட்ட மனிதன் விபத்தில் வீழ்ந்தவனல்லன்; அவனுக்கு எதிரே அதனைச் செய்பவன் நிற்கின்றான். செய்தவனும் பட்டவனும் ஒரே சிவப்பில் மூழ்கும்போது நீதி என்னும் வேறுபாடே அச்சில் அழிந்துவிடுகின்றது. பின்வருநிலை எல்லாப் பொருளுக்கும் ஏற்ற அணியன்று என்பதற்கு இதனையே உதாரணமாகக் காட்டுவேன்.

அப்பேர்மிங்காம் நிழற்படங்களை உயிரைப் பணயம் வைத்து எடுத்தவர் சார்ள்ஸ் மூர். அவை 1963இல் லைஃப் சஞ்சிகையில் வெளிவந்தன. வோர்ஹோல் அவரைக் கேட்டாரல்லர். 1964இல் தொடங்கிய 'மலர்கள்' வரிசைக்கு மூலமான செம்பருத்திப் படத்தை எடுத்தவர் பற்றீசியா கோல்ஃபீல்ட். அவர் 1966இல் வழக்குத் தொடுக்க, உடன்பாட்டில் முடிந்தது. பலகைப் பெட்டிகளில் அச்சிட்டுக் கடைச்சரக்குப்போல் அடுக்கிய பிரிலோப் பெட்டிகள் 1964இல் மெய்யியலாரையும் மயக்கின. கடைப்பெட்டியும் அதுவும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்ற, ஒன்று மட்டும் கலையாவது எதனால் என ஆர்தர் டான்ரோ தம் வாழ்நாள் முழுவதும் எழுதினார். அக்கடைப்பெட்டியை வகுத்த ஜேம்ஸ் ஹார்வி என்பவரும் ஓர் ஓவியர். பிழைப்புக்காகப் பெட்டி வரைந்தவர். அவர் பெயரைக் கேட்டோர் சிலரே. இவ்வழக்கு வோர்ஹோல் இறந்த பின்னும் ஓயவில்லை. லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த பாடகர் பிரின்ஸின் நிழற்படத்தை அடியாகக் கொண்ட படம் ஒன்றினை வோர்ஹோல் அறநிறுவனம் 2016இல் ஒரு சஞ்சிகை நிறுவனத்திற்கு 10,000 டொலருக்கு உரிமம் வழங்கியது. 2023 மே 18ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் எழுவர்க்கு இருவர் என்ற கணக்கில் அந்நிழற்படக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அவ்வுரிமத்தைப் பற்றியதேயன்றி, ஓவியர் பிறர் படத்தைத் தொடலாகாது என்று விதித்ததன்று. எடுத்தாளுதல் நம் மரபில் இழுக்கன்று. வழிநூல் என்றும் சார்புநூல் என்றும் அதற்கு இடங் கொடுத்தவர் நம் முன்னோர். ஆயின் முதனூலாசிரியன் பெயரைப் பாயிரத்திற் சொல்லுதல் அவ்விடத்துக் கடமை. வோர்ஹோலின் படங்களுக்குப் பாயிரம் இல்லை.

எழுபதுகளில் அவர் செய்த உருவப்படங்களைப் பற்றி நீளப் பேசுதற்கு யாதுமில்லை. பொலரோயிட் கருவியால் முகத்தைப் பிடித்து, 40 அங்குலச் சதுரத் துணியில் அச்சிட்டு, முதற் படத்துக்கு 25,000 டொலர் பெற்றார். செல்வரும் நடிகரும் வரிசையில் நின்றனர். அவற்றில் தேய்வில்லை, சறுக்கலில் வினாவில்லை. சுருக்கங்கள் நீக்கப்பட்ட முகங்கள் இனிய வண்ணங்களில் நிற்கின்றன. வெற்றெனத் தொடுத்தல் என்று நன்னூலார் சொன்ன குற்றம் இதுதான். 1972இல் தொடங்கிய மாவோ படங்களுக்கு மட்டும் விலக்களிக்கலாம். ஒரு தேசமெங்கும் சுவர்தோறும் ஒட்டப்பட்டு, முன்னரே எண்ணிறந்த படிகளாயிருந்த முகத்தை எடுத்துக்கொண்டு, அதன் கன்னத்திலும் கண்ணிமையிலும் நடிகைக்குப் பூசுவதுபோல் வண்ணம் பூசியது கூரிய நகையாடலே.

1975இல் அவர் செய்த 'சீமாட்டிகளும் கனவான்களும்' என்ற வரிசையிலிருந்து 25 படங்களை ரேற் காட்சியில் வைத்தனர். இத்தாலிய வணிகர் லூசியானோ அன்செல்மீனோ வேண்டியவாறு, நியூயோர்க் நகரின் திருநங்கையரும் பெண்வேடம் புனைவோருமான கறுப்பின, இலத்தீன் அமெரிக்க மக்களை அழைத்துப் படமெடுத்துச் செய்தவை இவை. எழுபதுகளின் உருவப்படங்களுள் ஓவியர் உண்மையில் உழைத்தவை இவையே எனத் துணிந்து சொல்லலாம். வண்ணம் தடித்துக் கிடக்கின்றது. ஈரத்தில் விரலாற் கீறிய தடங்கள் தெரிகின்றன. கிழித்த தாள்போன்ற நிறத்துண்டுகள் முகத்தை மறைப்பனவும் எடுப்பனவுமாக அமைகின்றன. செல்வப் பெண்டிர்க்கு வழங்காத கம்பீரத்தை இவர்களுக்கு வழங்கியிருக்கின்றார். வகுத்தவர்கள் இதனை அம்மக்களுக்குச் செய்த மரியாதையாகக் காட்டினர். மரியாதையின் கணக்கையும் பார்த்தல் வேண்டும். அமர்ந்தோர் பெற்றது ஆளுக்கு 50 டொலர். அவ்வாண்டு இத்தாலியிற் காட்டப்பட்டபோது எவருடைய பெயரும் குறிக்கப்படவில்லை. நடிகையும் தலைவரும் செல்வரும் பெயரோடு நிற்க, இவர்கள் மட்டும் ஒரு பொதுத் தலைப்பின் கீழ் நின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பெயர் பிற்காலத்து ஆய்வினால் வெளிவந்தது. பல படங்களில் வரும் வில்லெல்மினா றொஸ், திருநங்கையர் உரிமைக்காகப் போராடி 1992இல் இறந்த மார்ஷா பி. ஜோன்சன் ஆகியோர் அவர்களுட் சிலர். ரேற் நூதனசாலையார் அப்பெயர்களைப் படங்களின் அருகே எழுதி வைத்தது இக்காட்சியில் யான் மனமொப்பிப் பாராட்டும் செயல். அறுபத்திரண்டாம் ஆண்டின் முகம் பெயரால் நிறைந்து மையால் தேய்ந்தது. இவை மையால் நிறைந்து பெயரின்றி நின்றன.

இடையேயுள்ள அறைகளைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. காற்றடைத்த வெள்ளித் தலையணைகள் மிதக்கும் அறை சிறுவர்க்கு மகிழ்ச்சி தரும். உறங்கும் ஒருவனை ஐந்து மணி நேரத்துக்கு மேலாகக் காட்டும் 1963ஆம் ஆண்டுத் திரைப்படத்தை முழுதும் பார்த்தேன் என்று சொல்பவரை யான் நம்பேன். 1968 யூன் மாதத்தில் ஒரு பெண் அவரைத் துப்பாக்கியாற் சுட்டதும் அரிதின் உயிர் பிழைத்ததும் பலரும் அறிந்த கதை.

இறுதி அறையில் இருந்தது 'அறுபது இறுதி இராப்போசனங்கள்'. 1986இற் செய்தது, ஏறக்குறைய 3 மீற்றர் உயரம், 10 மீற்றர் அகலம். பிரித்தானியாவில் அதுவரை காட்டப்படாதது. மிலான் நகரில் லியனார்டோ டாவின்சியின் சுவரோவியம் உள்ள மடத்திற்கு எதிர்ப்புறத்தே காட்டுதற்காக, தமக்கு 1952இல் முதன்முதல் தனிக்காட்சி நடத்திய அலெக்சாந்தர் அயோலாஸ் என்னும் வணிகர் வேண்ட, வோர்ஹோல் இப்பொருளிற் பல படங்கள் செய்தார். அக்காட்சி 1987 ஜனவரியில் திறந்தது. அடுத்த மாதம் 22ஆம் திகதி, பித்தப்பைச் சத்திர சிகிச்சையின் பின் அவர் காலமானார். மூலமாக அவர் கொண்டது சுவரோவியத்தையன்று. வீடுகளில் தொங்கும் மலிவான அச்சுப் பிரதியை. லியனார்டோவின் கைவண்ணம் அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கிவிட்டது. உலகம் அறிந்த இராப்போசனம் படிகளில் வாழும் இராப்போசனமே. அதனை வண்ணமின்றிக் கருமையால் அறுபது முறை வைத்தார்.

நோய்த்தடுப்பாற்றலை அழிக்கும் எயிட்ஸ் கொள்ளைநோய் நியூயோர்க்கிற் பரவி, அவருடைய நண்பர் யோன் கோல்ட் 1986இல் அந்நோயால் மாண்ட காலத்தில் இது செய்யப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்குமாறு வகுத்தவர்கள் கூறினர். முன்னர் யான் ஐயுற்ற வாழ்க்கைத் திறவுகோல் இந்தப் பூட்டைத் திறக்கின்றது என்றே தோன்றுகின்றது. திறப்பது படமே அதற்கு இடங்கொடுத்தலால். நம் நாளேடுகளின் மரண அறிவித்தற் பக்கத்தை நினைக. கறுப்பு வெள்ளையில், ஒரே அளவிற் கட்டங்கட்டி, நிரல் நிரலாக முகங்கள். தொலைவில் நின்று பார்ப்பவனுக்கு அது பக்கம். தன்னவர் அதில் உள்ளவனுக்கு ஒரு கட்டமே பக்கம். இப்படைப்பும் அவ்வாறே அமைந்துள்ளது. உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று குரு சொல்லிய கணத்தை லியனார்டோ தீட்டினார். நாளை இறக்கப் போகின்றவர் இன்று உணவருந்தும் அக்கணம், முடிவுறாமல் அறுபது முறை நிற்கின்றது. மரிலின் பலகையிற்போல் இங்கே தேய்வில்லை. கட்டங்களிடையே மையின் வேறுபாடும் மிகச் சிறிதே. அப்படியாயின் இது கூறியது கூறலன்றோ எனின், அருச்சனையில் 108 முறை வரும் போற்றியைக் கூறியது கூறல் என்பார் நம்முள் இல்லை. அங்கே சொல்பவன் ஒன்றை அறிவிக்கச் சொல்லவில்லை. விட மனமின்றிச் சொல்கின்றான். வோர்ஹோல் இறுதிவரை ஆலயத்திற்குச் சென்றுவந்தவர் என்பதனால் மட்டும் இவ்வாறு சொல்கின்றேன் அல்லேன். 1963இல் தாம் ஓர் இயந்திரமாதலை விரும்புவதாகச் சொன்ன அதே மனிதர், இயந்திரத்தின் வேலையாகிய அடுக்குதலை இவ்விடத்து வேறொன்றாக்கியிருக்கின்றார் என்பதைப் படமே காட்டுகின்றது.

படியைப் பார்த்து மதிப்பிடலாமன்றோ என்ற நகைப்புக்கு விடை இங்கே கிடைக்கின்றது. மூலத்தில் ஒவ்வோர் இராப்போசனமும் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமுடையது. அருகிற் சென்றால் பதின்மூவர் முகமும் தனித்தனியே தெரியும். பத்து மீற்றர் நடந்தே அதனைப் பார்த்து முடிக்க வேண்டும். என் மேசையிலுள்ள நூலில் அது இரு பக்கங்களில் அடங்கிவிடுகின்றது. ஒவ்வொரு விருந்தும் விரலளவு. மேசையின் வெண்மை ஒரு கோடாகவும் சீடர்கள் கருப்புப் புள்ளிகளாகவும் நிற்கின்றனர். பணப்பையை இறுகப் பற்றிய யூதாசை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடினேன். அறுபது இடத்தில் ஓரிடத்தும் மற்றவரினின்று பிரித்தறிய இயலவில்லை.